மறைந்தவர்கள் மட்டும்

புல்லுக்கு உச்சிவெயிலில் தண்ணீர் விடக் கூடாது. விட்டால் வேர் வெந்துபோகும். விடிந்ததும் விட்டுவிட வேண்டும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் செய்துவருகிறேன். இன்று காலை நேராக இங்கே வந்துவிட்டதால் குழாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் தாங்கும். நாளைக்கு மட்டும் யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. கோல் கம்பத்துக்கு முன்னால் இருக்கிற புல்தான் முதலில் காயும்.

தாளையும் பேனாவையும் கொடுத்து, "அவசரமில்ல, நிதானமா எழுதுங்க" என்றீர்கள். மின்விசிறியை என் பக்கம் திருப்பியும் வைத்தீர்கள். இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. அதனாலேயே எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் எதிரில் உட்காராமல் வெளியே போனது நல்லதாகப் போயிற்று. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். நீங்களும் பாதுகாப்புக்கு வந்திருந்தீர்கள். அதுவரை அது கிழக்கு மைதானம். இப்போது வாசல் வளைவில் என் மச்சானின் பெயர் இருக்கிறது. என் மனைவியின் அண்ணன். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. கதவு என்று சொன்னால் தெரியும். பதினான்கு சீசன் எங்கள் கிளப்புக்கு அவர்தான் கோல்கீப்பர். எதிரணி பந்தோடு கிட்டே வந்தாலே கூட்டம் மொத்தமும் "கதவு சாத்தியாச்சு, வீட்டுக்குப் போ" என்று ராகம் போட்டுப் பாடும்.

அந்தப் பதினான்கில் பதினோரு சீசன் நான் அவருக்கு மாற்று. பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கதவுக்குப் பக்கத்திலேயே கிடப்பதால் எனக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அது கோபமாக இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மாற்று கோல்கீப்பரின் பிழைப்பை உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஆடுகிறவனுக்கு மாற்றாக உட்கார்ந்தால் கடைசிப் பத்து நிமிடமாவது இறக்கிவிடுவார்கள். கோல்கீப்பரை அப்படி மாற்ற மாட்டார்கள். அவனுக்கு அடிபட வேண்டும். அதற்காக யாரும் வேண்டிக்கொள்வதில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். மச்சானுக்கு அடிபடவே படாது. ஒரே ஒரு தடவை விரல் முறிந்தது. நான் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு கோட்டு ஓரம்வரைக்கும் போய்விட்டேன். அவர் முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உக்காருப்பா, ஒண்ணுமில்ல" என்றார். உட்கார்ந்தேன். கூட்டத்தில் யாரோ "தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு" என்றான். நல்ல நகைச்சுவை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் வேறு மாதிரி பேசக் கூடாது. தன் தங்கையை எனக்குக் கட்டிவைத்தவர் அவர்தான். "உன்னைவிட எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளு வேற யாரு?" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்பிள்ளை. கிளப்பில் என்னை நீக்கியபோது, மைதானப் பராமரிப்பு வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நான் உட்கார்ந்த நாற்காலி, படுத்த வீடு, கட்டிய பெண்டாட்டி எல்லாமே அவர் கை நீட்டிக் கொடுத்தவை. ஒன்றையும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மச்சானின் மனைவி இறந்த பிறகு அவர் எங்களோடு வந்து தங்கினார். அவருடைய ஒரே மகள் வெளியூரில் ஆசிரியை. தினமும் போனில் பேசுவாள். மச்சானுக்குச் சர்க்கரை நோய் முற்றிவிட்டது. கண் மங்கலானதால் இன்சுலின் ஊசியை அவரால் போட்டுக்கொள்ள முடியாது. என் மனைவிக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். அதனால் காலையில் நான்தான் போடுவேன். போட்டு அரை மணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது இனிப்பாக எதையாவது வாயில் போட்டால் சரியாகிவிடும். என் சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும். மூன்று வருடம் அப்படிப் பார்த்துக்கொண்டேன். டாக்டரே, "சொந்தப் பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று பாராட்டியிருக்கிறார்.

இந்த வருட ஆரம்பத்தில் நகராட்சி விளையாட்டுக் குழு ஒரு பேச்சை எடுத்தது. ஊரிலுள்ள இரண்டு மைதானங்களுக்கும் கால்பந்து வீரர்களின் பெயரை வைக்கலாமா என்பது பேச்சு. பத்திரிகையில் வேண்டும் என்று பாதிக் கடிதம், வேண்டாம் என்று பாதிக் கடிதம். என்ன பெயர் வைத்தாலும் பஸ் கண்டக்டர் கிழக்கு மைதானம் என்றுதான் கத்தப்போகிறார் என்று ஒருவர் எழுதினார். கடைசியில் வைப்பது என்று முடிவாகி, ஊர்க்காரர்கள் பெயர் எழுதிக் கொடுக்க ஒரு படிவமும் போட்டார்கள். படிவத்தின் தலையில் தடித்த எழுத்தில் ஒரு வரி: மறைந்தவர்கள் மட்டும்.

இன்னொரு மைதானத்துக்கு, இளம் வயதில் லாரி மோதி இறந்துபோன ஒரு ஃபார்வர்டின் பெயர் தானாகவே முடிவாகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் மைதானத்துக்குத்தான் ஒரு ஹாஃப்பேக்கின் பெயர் அடிபட்டது. இரண்டு சீசன் ஆடினவர். எதிரி கோலுக்குள் அடித்ததைவிடக் கூரைமேல் அடித்ததுதான் அதிகம். ஆனால் போன வருடம் இறந்துவிட்டார். அந்த ஒரு தகுதி அவருக்கு இருந்தது.

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பெயரைப் பார்த்ததும், "இவரு இருக்காரே சார்" என்றார்.

"இருக்காரும்மா. ஆனா அவரைவிடப் பெரிய ஆளு இந்த ஊர்ல யாரு?"

"அது சரிதான் சார், எங்க அப்பாவுக்கும் அவருன்னா உயிரு. ஆனா ரூல்ல இடமில்லையே. நல்லபடியா இருக்கட்டும், விடுங்க."

"அடுத்தது எப்ப வைப்பீங்க?"

"ஒரு தடவை வச்சா வச்சதுதான். அப்புறம் மாத்தவா போறாங்க? மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்."

நல்லபடியா இருக்கட்டும் என்று அவர் சொன்னது எனக்கு வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. 

அன்று சாப்பிடும்போது மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்கு மாப்பிள்ளை உனக்கு வேண்டாத வேலை?" என்றார். "கிழக்கு மைதானத்துக்கு என்ன குறைச்சல்? கிழக்குல இருக்கு, கிழக்கு மைதானம்."

"அந்த ஹாஃப்பேக் பேரை வைக்கப்போறாங்க மச்சான்."

"வைக்கட்டுமே. அவனும் அந்த மண்ணுலதானே ஓடினான்? என் பேரை நான் செத்தப்பறம் வச்சுக்குங்க. இப்பவே வச்சா, உள்ள விடுறதுக்கு என்கிட்டயே டிக்கெட் கேப்பானுங்க."

"வாயைக் கழுவுண்ணா" என்றாள் என் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம்.

நான் செத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயாலேயே சொன்னார். என் மனைவி சாட்சி. அந்த வார்த்தையை நான் பல நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சம்மதம் இருப்பதாக எனக்குப் பட்டது. அவருக்கு வயது அறுபத்தெட்டு. கண் போய்விட்டது. ஒரு காலில் புண் ஆறவில்லை, விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து வருடம் இப்படி இழுத்துக்கொண்டு இருப்பார், அதற்குள் வாசலில் வேறு ஒருவன் பெயர் ஏறிவிடும். ஒரு பக்கம் நாலைந்து வருட நோவு, இன்னொரு பக்கம் என்றென்றைக்கும் நிற்கிற பெயர். இதை நான் ஒரு வாரம் யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நிதானமாக யோசித்தேன்.

பிறகு புதிதாக ஒரு படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கைப்பட நிரப்பினேன். ஆடிய ஆட்டங்கள், தடுத்த பெனால்டிகள், வாங்கிய கோப்பைகள். எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, எல்லா ஆட்டத்தையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மறைந்த தேதி. அதோடு ஒரு போட்டோவும் ஒட்ட வேண்டும்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல மச்சானுக்கு ஊசி போட்டேன். "ஒரு போட்டோ எடுக்கணும் மச்சான், கோல்ல நிக்கற மாதிரி. மைதானம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். பழைய ஜெர்சியைத் தேடச் சொன்னார். என் மனைவி அவருக்கு ரொட்டியும் முட்டையும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "போனதும் முதல் வேலையா அண்ணனைச் சாப்பிட வைங்க. அரை மணிக்கு மேல விடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

மைதானத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை பயிற்சி கிடையாது. டப்பாவை என் அலுவலக மேசையில் வைத்துவிட்டு அவரைக் கைபிடித்துக் கோலுக்குக் கூட்டிப்போனேன். நடுவில் நிறுத்தினேன். அவர் இடது கம்பத்தைத் தொட்டார், பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்து வலது கம்பத்தைத் தொட்டார், திரும்பி நடுவில் வந்து சரியாக நின்றார். கண் தெரியாமலே. நான் நிறையப் படம் எடுத்தேன். ஒன்று எடுத்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்றேன். இன்னொன்று எடுத்துவிட்டு, கையை இன்னும் விரியுங்கள் என்றேன். அப்படியே நேரம் போனது.

அந்தப் படங்களில் ஒன்றுதான் இப்போது வாசலில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. நெற்றி பளபளக்கும். பார்க்கிறவர்கள் என்ன வெயில் என்ன வெயில் என்கிறார்கள். அது வெயில் இல்லை, அம்மா.

"மாப்பிள்ளை, ஒரு மாதிரியா வருதே. மிட்டாய் இருக்கா?" என்றார்.

"ஆபீஸ்ல இருக்கு மச்சான். உக்காருங்க, எடுத்துட்டு வரேன்."

மிட்டாய் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நடக்கும்போது அதன் காகிதம் சரசரத்தது. அலுவலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் கோல் நேராகத் தெரியும். கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேசைமேல் டப்பா. அதைப் பார்க்காமல் இருக்க, எதிரே இருந்த பூச்சிமருந்து டப்பாவின் விளக்கக் குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மனம் மாறித்தான் போனேன் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அவர் அப்போது வேறு எங்கேயோ இருந்தார். "லெஃப்ட் சைடுல ஆளை விட்டுட்டான், மூடு, மூடு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். குரல் குழறியது, ஆனால் அதே அதட்டல். பிறகு காலடிச் சத்தம் கேட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"யாரு, மாப்பிள்ளையா? என்னால முடியல மாப்பிள்ளை. நீ இறங்கு."

சொல்லிவிட்டு இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். கையுறையைக் கழற்றுகிறார். கையில் கையுறை இல்லை. அப்புறம் மற்றக் கை. இரண்டையும் சேர்த்து என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு கையையும் நீட்டி, இல்லாத கையுறையை வாங்கிக்கொண்டேன். அப்போது என் மனதில் என்ன இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தமில்லை. பயமில்லை. பரிதாபமும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

திரும்ப அலுவலகத்துக்குப் போனேன். அவர் பக்கவாட்டில் சரிந்து அசைவில்லாமல் ஆன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். அந்த அழுகை நடிப்பில்லை. நிஜமாகவே தாங்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் என்னையும் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வயதானவர், சர்க்கரை, வெயில், இதயம் என்று டாக்டர் சொன்னார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோலில் நின்றபடியே உயிர்விட்டார் என்று ஊர் பேசியது. மாசக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் படிவத்தைக் கொடுத்தேன். ஜன்னல் அம்மா தேதியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் அவர் மகள் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். மேடையிலிருந்து இறங்கியதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா அப்பா பேரு இங்க வந்திருக்காது மாமா" என்றாள். உண்மைதான். கையைத்தான் எடுக்க முடியவில்லை. அவளாக விடும்வரை நின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எனக்குத் தட்டு வைத்தாள். இந்த நாலு மாதமும் எனக்கு மூன்று வேளையும் நேரம் தவறாமல் சாப்பாடு போட்டாள். முன்பெல்லாம் அப்படி இல்லை, கேட்டால்தான் வரும். துக்கத்தில் இருக்கிறாள், கைக்கு வேலை வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வளைவுல அண்ணன் பேரு நல்லா வந்திருக்கு" என்றாள். "அன்னைக்கு டப்பா தொறக்காமலே வந்துச்சு. நான்தான் கழுவினேன். ஏங்க, அண்ணனுக்கு ஏன் சாப்பாடு குடுக்கல?"

நான் சோற்றைப் பிசைந்தேன். "சாப்பிடுங்க, ஆறிடப்போகுது" என்றாள். சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் சாப்பிட்டேன். மறுநாளும் அதேபோல. அவள் கத்தியிருந்தால், தட்டை எடுத்து வீசியிருந்தால், ஒருவேளை நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ஊசி போட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அது வழக்கமான அளவு இல்லை. அவர் கையை நீட்டிக்கொண்டு, முந்தின நாள் தன் மகள் போனில் சொன்ன பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மருந்தை மறுபடியும் ஒரு தடவை இழுத்தேன். அவருக்குக் கண் தெரியாது.

ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. நான் என் மச்சானைக் கொன்றேன். அவர் பெயருக்காகத்தான் செய்தேன். இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவும் மனமில்லை, விட்டுவைக்கவும் தைரியமில்லை. அப்படியே இருக்கட்டும். படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தத் தாளின் தலைப்பில் பெயர், வயது, தொழில் என்று கேட்டிருக்கிறது. தொழில் என்ற இடத்தில் உங்கள் ஏட்டு "மைதானப் பராமரிப்பு" என்று எழுதியிருக்கிறார். தப்பில்லை. ஆனால் முடியுமானால் அதை அடித்துவிட்டு "கோல்கீப்பர்" என்று எழுதச் சொல்லுங்கள். இந்த நிலைமையில் இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.